பிளசர் வீட்டில் கை நனைத்தது

காளி கோயிலில் விளக்குப் போட்டுவிட்டு, நெற்றியில் திருநீறும் கையில் குங்குமப் பொட்டலமுமாக நான் திரும்பி வந்தபோது, என் மகள் ராக்கு இலையில் உட்கார்ந்து ரசத்துக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள்.

ரசம் என்றால் குழம்பு முடிந்துவிட்டது என்று பொருள். வாசல்படியிலேயே எனக்குக் கால் ஓடவில்லை.

முழங்கை வரைக்கும் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்திருந்தாள். ஆனாலும் நகக்கண்ணில் என்ஜின் கருப்பு அப்படியே இருந்தது. அந்த விரலோடு அப்பளத்தை நொறுக்கினாள். பசி. காலையில் உச்சிப்புளியில் பஸ் ஏறும்போது ரெண்டு இட்லி தின்றது.

பக்கத்தில் ரசக் கரண்டியோடு நின்றவர், அந்த வீட்டு அம்மா. சம்பந்தம் பேச்சில் இருந்ததால் நான் அவரை மதினி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. மிளகாய் மூட்டையை எடை போட்டு முடித்ததும் வியாபாரி சிரிப்பானே, அந்தச் சிரிப்பு.

"வாங்க மதினி, உக்காருங்க. உங்களுக்காகத்தான் காத்திருந்தோம். மருமக பசி தாங்காதுன்னு முன்னாடி எலையப் போட்டுட்டேன்."

மருமக என்றார். காலையில் நாங்கள் வந்தபோது 'பொண்ணு' என்றுதான் சொன்னார்.

எங்கள் பக்கத்து வழக்கம்

உங்கள் ஊரில் எப்படியோ, எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகும் வரைக்கும் ஒரு வீட்டார் இன்னொரு வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காப்பி குடிக்கலாம். மிக்சர் கொறிக்கலாம். இலை போட்டுச் சோறு தின்றால் போச்சு. 'கை நனைச்சாச்சு' என்றால் சம்மதம் சொல்லியாச்சு என்று அர்த்தம். அதற்குப் பிறகு வேண்டாம் என்றால், தின்ற சோற்றுக்குத் துரோகம் என்று மூன்று ஊருக்குப் பேச்சு நடக்கும்.

என் கல்யாணமே அப்படி ஒரு சிக்கலில் முடிவானதுதான்.

எங்கள் அய்யா, என் வீட்டுக்காரர் வீட்டைப் பார்க்கச் சித்திரை வெயிலில் போயிருக்கிறார். மோர் கொடுத்திருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் வேண்டாம். வீறாப்பாக எழுந்து பஸ்ஸுக்கு நடந்தவருக்குப் பாதி வழியில் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குழாய்க்கு அடியில் தலையைக் கொடுத்து, வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்து சேர்ந்தார்.

அந்த மோட்டார் அவர்களுடையது.

"பொண்ணு வீட்டுக்காரரு கைய மட்டுமில்ல, தலையவே நனைச்சுட்டாருய்யா!" என்று மாப்பிள்ளையின் சித்தப்பா ஊரைக் கூட்டிவிட்டார். தண்ணீர் கணக்கில் சேருமா சேராதா என்று ஒரு வாரம் வழக்கு. உப்புப் போட்ட பண்டம் உள்ளே போனால்தான் கை நனைத்த கணக்கு என்று எங்கள் பக்கத்துப் பெரியவர் சட்டம் பேசினார்.

"நம்ம ஊருத் தண்ணிக்கு உப்பைத் தனியாப் போடணுமாக்கும்?" என்றார் அந்தச் சித்தப்பா.

அதோடு வழக்கு முடிந்தது. ஆவணியில் எனக்குத் தாலி ஏறியது. ஐந்து குதிரை மோட்டார் ஒன்று முடித்து வைத்த கல்யாணம். இன்று வரைக்கும் குறை ஒன்றும் இல்லை, அம்மாள் புண்ணியம்.

அதனால் கை நனைக்கிற விஷயத்தில் நான் ரொம்பக் கவனம். ராக்குவிடமும் பஸ்ஸில் படித்துப் படித்துச் சொன்னேன். தலையை ஆட்டினாள். அவள் தலையை ஆட்டினால் காதில் விழவில்லை என்று அர்த்தம்.

ஐ.டி.யும் ஐ.டி.ஐ.யும்

அந்த வீட்டுக்கு அவள் எதற்குப் போனாள் என்று சொல்லவில்லையே. கல்யாணம் பேசின வீட்டுக்குப் பெண் முன்னாடியே போகிற வழக்கம் எங்களிடமும் கிடையாது.

அது முதுகுளத்தூர்ப் பக்கம் உள்ளே தள்ளிய ஊர். மிளகாய்க் காடும் சீமைக் கருவேலமும்தான். அந்த ஊரில் 'பிளசர் வீடு' எது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் காட்டும். காரை அந்தக் காலத்தில் பிளசர் என்றுதான் சொல்வார்கள். மதினியின் வீட்டுக்காரரைப் பெரியவர் என்பார்கள். அவருடைய அய்யா, வெள்ளைக்காரன் நாட்டுக் கார் ஒன்றை வாங்கி ஓட்டியிருக்கிறார். முன்னால் வெள்ளிக் கம்பி போட்ட மூக்கு, தவளைக் கண் மாதிரி ரெண்டு விளக்கு. சுற்றுவட்டாரத்தில் முதல் கார்.

அய்யா போய், டிரைவரும் போய், கார் கொட்டகைக்குள் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. பின்சீட்டில் கோழி அடை காத்தது. பிளசர் வீட்டார் எங்களைப் பார்க்க வந்ததே டவுன் பஸ்ஸில்தான். ஆனாலும் பேர் பேர்தானே.

தரகர் அவர்களிடம், பொண்ணு ஐ.டி. படிக்கிறது என்று சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் எழுதிக் கொடுத்தது ஐ.டி.ஐ. கடைசி எழுத்தை அவர் காற்றில் விட்டுவிட்டார்.

ராக்கு காப்பித் தட்டோடு வந்து நின்றாள்.

"ஐ.டி.யில எந்தக் கம்பெனிக்குத் தாயி போகப்போற?" என்று பெரியவர் கேட்டார்.

"ஐ.டி. இல்ல மாமா, ஐ.டி.ஐ. டர்னர், ரெண்டாம் வருசம்."

"டர்னர்னா?"

"லேத்து மெசின்ல இரும்பக் கடையிறது மாமா. தண்டு, புஷ்ஷு, போல்ட்டு எல்லாம் செய்வோம்."

மதினி தரகரைப் பார்த்தார். தரகர் எங்கள் வீட்டுச் சாமி படத்தைப் பார்த்தார். முடிந்தது என்று நான் நினைத்தேன். ஆனால் பெரியவருக்கு முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

"அப்ப நம்ம பிளசருக்குத் தண்ணி பம்ப்பு செய்வியா நீயி?"

"என்ன கோளாறு மாமா?"

மற்ற எல்லாவற்றையும் பரமக்குடி மெக்கானிக் ஒருவர் சரி பண்ணிவிட்டாராம். என்ஜினுக்குள்ளே தண்ணீரைச் சுற்றவிடுகிற பம்ப்பு மட்டும் செத்துவிட்டது. கிளப்பினால் கொஞ்ச நேரத்தில் கொதித்து, தண்ணீர் எல்லாம் கீழே ஒழுகிவிடும். அந்தச் சாமான் இப்போது எந்த ஊரிலும் விற்பதில்லை.

ராக்கு தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள். தண்டு எந்த மொத்தம், எத்தனை நீளம், அது சுற்றுகிற வளையமான புஷ்ஷு பித்தளையா வெண்கலமா என்று கேள்வி மேல் கேள்வி. மாப்பிள்ளைத் தம்பி சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்தார். நல்ல பிள்ளை, லட்சணமான பிள்ளை. என் மகள் அவர் முகத்தை ஒரு தடவையாவது பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

"பம்ப்பக் கழட்டி நேர்ல அளக்கணும் மாமா. நான் வாரேன்" என்றாள் கடைசியில்.

பெண் பார்க்க வந்தவர்களிடம், நான் உங்கள் என்ஜினைப் பார்க்க வருகிறேன் என்று சொன்ன பெண் எங்கள் வம்சத்தில் அவள்தான். மதினி எழுந்திருக்கும்போது என்னிடம் மெதுவாக, "பொண்ணு சூட்டிகையாத்தான் இருக்கு" என்றார். சூட்டிகை என்பதை ஒரு நோய் மாதிரிச் சொன்னார்.

ஒரு நூல்

துணைக்கு நானும் போனேன். புதிதாக ஓடு மாற்றிய கொட்டகையில் பெரியவர் ஒரு பலகையில் உட்கார்ந்துகொண்டு கதை சொல்ல, அவள் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு காரின் மூக்குக்குள் தலையை விட்டாள்.

பம்ப்பைக் கழற்றி வெளியே எடுத்தபோது எனக்கே பாவமாக இருந்தது. தண்டு, பூச்சி அரித்த வெண்டைக்காய் மாதிரி இருந்தது.

"எந்தத் தண்ணி மாமா ஊத்துனீக?"

"நம்ம கெணத்துத் தண்ணிதான்."

"உப்புத் தண்ணியையா?"

"அய்யா காலத்துலேருந்து அதத்தான் ஊத்துறோம். நாங்களும் அதத்தான் குடிச்சோம். எங்களுக்கு என்ன கெட்டுப்போச்சு?"

அவள் ஏதோ ஒரு கிடுக்கியை வைத்து அளந்தாள். துடைத்துவிட்டு மறுபடி அளந்தாள். பெரியவருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒரு நூலு முன்னப்பின்ன இருந்தாத்தான் என்னத்தா? ஆசாரி கதவுக்கு அப்பிடித்தான வைக்கிறாரு?"

நூல் என்பது எங்கள் பக்கத்தில் ஆசாரி, கொத்தனார் எல்லோருக்கும் உள்ள அளவு. எட்டு நூல் ஒரு அங்குலம்.

"மாமா, அந்த ஒரு நூல முந்நூறாக் கிழிச்சா, அதுல ஒண்ணு. அம்புட்டுதான் எனக்கு முன்னப்பின்ன."

பெரியவர் தன் வேட்டிக் கரையிலிருந்து ஒரு நூலைப் பிரித்து எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் காளி கோயில் மணி அடித்தது. உச்சிக்கால பூசை. எனக்கு மனசு கேட்கவில்லை. இந்தச் சம்பந்தம் நல்லபடியாக அமையணும், என் பிள்ளை நல்ல வீட்டில் வாழணும் என்று கேட்டு ஒரு விளக்குப் போட்டு வருவோம் என்று கிளம்பினேன். நான் அங்கே கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே இலை போட்டுவிட்டார்கள். அம்மாள் எந்த மனுவையும் இவ்வளவு சீக்கிரம் பைசல் பண்ணி நான் கண்டதில்லை.

எனக்கும் ஒரு இலை போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை விரதம் என்று சொல்லித் தப்பித்தேன்.

"அதனாலென்ன மதினி, மருமக சாப்பிட்டது நீங்க சாப்பிட்ட மாதிரி" என்றார் மதினி. "பிளசரு ஓடுற அன்னைக்கே பூ வச்சிருவோம். ரெண்டு நல்ல காரியமும் ஒரே நாள்ல முடிஞ்சிரும்."

பஸ்ஸில் வரும்போது அவளைக் கிள்ளினேன்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? ஏன்டி தின்ன?"

"பசிச்சுச்சும்மா."

"பசிச்சா? கை நனைச்சா என்ன அர்த்தம் தெரியுமா, தெரியாதா?"

"கை கருப்பா இருந்துச்சு, கழுவச் சொன்னாக. கழுவுனேன். கழுவுன கையோட எலைக்கு முன்னாடி உக்கார வச்சாக. எலையில சோத்தப் போட்டுட்டாக. போட்ட சோத்த எப்பிடிம்மா வேணாங்குறது? நீதான அன்னத்த ஒதுக்கக் கூடாதுன்னு சொல்லுவ?"

சொல்லியிருக்கிறேன். தினமும் சொல்லியிருக்கிறேன்.

என்ன கேட்பது?

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி, படிப்பு முடிந்ததும் ஒரு வருசப் பயிற்சிக்கு வரச் சொல்லி அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. அவள் வகுப்பில் அப்படி எடுத்தது ரெண்டே பேரை. அந்தச் சேதி வந்த அன்று அவள் வீட்டுக்குள்ளே நடக்கவில்லை, குதித்தாள்.

பிளசர் வீட்டில் அதைச் சொன்னபோது மதினி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "எங்க வீட்டு மருமக கோயம்புத்தூரு போயி கம்பி கடையணும்னு ஒண்ணும் இல்ல. வீட்டுலதான் ஒரு காரு கெடக்கே."

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை பசிச்சுச் சாப்பிட்டிருக்கு. விடு" என்றார்.

"எப்பிடி விடுறது? அவுக நாள் பாத்துக்கிட்டு இருக்காக."

"அவகிட்டக் கேளு."

கேட்டேன். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"நான் கோயம்புத்தூர் போகணும்மா. ஆனா பம்ப்பு செஞ்சு தாரேன்னு வாக்குக் குடுத்துட்டேன். வேலையப் பாதியில விட மாட்டேன்."

"செஞ்சு குடுத்தா அன்னைக்குப் பூ வைக்கப்போறாகடி!"

"அதுக்கு நான் என்ன செய்ய? செய்யாம விட்டா, பொம்பளப் பிள்ள செஞ்சா இப்பிடித்தான்னு சொல்ல மாட்டாகளா?"

பார்த்தீர்களா என் நிலைமையை. தோற்றால் மானம் போகும். ஜெயித்தால் மகள் போவாள்.

அன்றிலிருந்து எனக்குச் சாமி கும்பிடுவதே குழப்பமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றி, எங்கள் குலசாமியை, ராக்காச்சியம்மா என்று கையெடுத்தால் அடுத்த வார்த்தை வரவில்லை. கார் ஓடணும் என்று கேட்பதா, ஓடக் கூடாது என்று கேட்பதா? தேவிபட்டினம் போய்க் கடலுக்குள் இருக்கிற நவக்கிரகத்தைச் சுற்றினேன். சுற்றுக்குச் சுற்று மனசு மாறியது. ஒரு சுற்றுக்கு நல்ல சம்பந்தம் கைவிட்டுப் போகக் கூடாது என்று நினைத்தேன். அடுத்த சுற்றுக்கு அவள் குதித்தது கண்ணில் வந்தது. கடைசியில் ஒன்பது பேரிடமும், நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வாங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

படகுக் கம்பி

தண்டு செய்ய எந்த இரும்பு என்று ஒரு வாரம் யோசித்தாள். சாதா இரும்பு போட்டால் அந்த வீட்டுத் தண்ணீர் மறுபடியும் தின்றுவிடும்.

தங்கச்சிமடத்தில் சூசை அண்ணன் என்று ஒருவர், படகு என்ஜின் வேலை பார்க்கிற பட்டறை வைத்திருக்கிறார். என் வீட்டுக்காரருக்குப் பழக்கம். அவரிடம் அவளைக் கூட்டிப் போனோம். விசைப்படகின் காற்றாடியைச் சுழற்றுகிற தண்டு, துருப்பிடிக்காத எஃகு. அதில் வெட்டிப்போட்ட துண்டு ஒன்று மூலையில் கிடந்தது.

"இத எடுத்துக்கம்மா. கடல்லயே கெடந்த கம்பி. உங்க முதுகுளத்தூருத் தண்ணிக்கா பயப்படப்போவுது?" என்றார் சூசை அண்ணன். புஷ்ஷுக்குப் படகிலிருந்து கழற்றிய பழைய வெண்கலத் துண்டும் கொடுத்தார். "எந்தப் படகுக்கு?" என்று கேட்டார். காருக்கு என்றதும் சிரித்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டார். "அந்தோணியார் காணாமப் போனதத்தான் கண்டுபிடிச்சுக் குடுப்பாரு. காணாமப் போன காருக்கும் கேட்டுப் பாக்குறேன்."

அவளுடைய வாத்தியார் வகுப்பு முடிந்த பிறகு லேத்து ஓட்ட அனுமதி கொடுத்திருந்தார். முதல் தண்டைக் கடைந்து வீட்டுக்குக் கொண்டு வந்தாள். வெள்ளி விளக்குத் தண்டு மாதிரிப் பளபளவென்று இருந்தது. சாமி மாடத்தில் வைக்கப் போனேன்.

"அங்கன வைக்காதம்மா. அது வீணாப் போச்சு."

"நல்லாத்தானடி இருக்கு!"

"சூட்டோட அளந்துட்டேன். கடையும்போது காய்ஞ்சு உப்பியிருக்கும். சரியா இருக்குன்னு நிப்பாட்டிட்டேன். ஆறுனதும் இளைச்சுப்போச்சு."

பணியாரம் அப்படித்தான். கல்லில் இருக்கும்போது உப்பியிருக்கும். தட்டுக்கு வந்ததும் அமுங்கிவிடும். எனக்கு அது தெரியும். இரும்புக்கும் அந்தக் குணம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

"எம்புட்டு இளைச்சிருச்சு?"

"நூல முந்நூறாக் கிழிச்சதுல ரெண்டு."

"அம்புட்டுதான? போட்டு விட்டுரு. யாருக்குத் தெரியப்போகுது?"

"அந்த அம்புட்டு வழியாத்தான் தண்ணி ஒழுகும்."

உண்மையைச் சொன்னால், ஒழுகட்டுமே என்று ஒரு நிமிசம் நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த நினைப்பை விழுங்கிவிட்டேன். மறுநாள் மிச்சமிருந்த துண்டை எடுத்துக்கொண்டு போனாள். இந்தத் தடவை கொஞ்சம் கடைவாள், ஆறவிட்டு அளப்பாள், மறுபடி கடைவாள். சாயங்காலம் ஆகிவிட்டது. வெண்கலப் புஷ்ஷுக்குள் தண்டை விட்டு என் கையில் கொடுத்தாள். சுற்றிப் பார்த்தேன். எண்ணெய்க்குள் விரலை விட்ட மாதிரிச் சுற்றியது.

அதைச் சாமி மாடத்தில் வைத்துக் கும்பிட்டேன். என்ன கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

பிளசர் கிளம்பிய நாள்

ஒரு வளர்பிறை முகூர்த்தத்தில் நாள் குறித்திருந்தார்கள். ராக்கு முந்தின நாளே அவள் அய்யாவோடு போய்ப் பம்ப்பை மாட்டிவிட்டு வந்திருந்தாள். போன இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கட்டுச்சோறு கட்டிக் கொடுத்துத்தான் அனுப்பினேன்.

காலையில் நாங்கள் போய் இறங்கியபோது கொட்டகை வாசலில் சொந்தபந்தம் கூடியிருந்தது. கோழிகளைக் கிளப்பிவிட்டு, காரைக் கழுவி, மூக்கில் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். பெரியவர் பட்டு வேட்டியில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் அந்தச் சீட்டில் வேறு யாரை உட்கார வைப்பது?

மதினி கையில் தாம்பாளம். வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், ஒரு பட்டுச் சேலை, மேலே மல்லிகைப் பூ.

யாரோ, கம்பி எங்கே வாங்கினது என்று கேட்க, ராக்கு உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

"படகுக் கம்பியா?" மதினி மூக்கைச் சுளித்தார். "ஏத்தா, சாமி கும்பிட்ட வண்டியில கவிச்சி அடிக்காது?"

"கடைஞ்சு, கழுவி, எண்ணெ போட்டுத்தான் அத்தை மாட்டிருக்கேன்."

நல்ல நேரம் ஆனதும், ராக்கு சூடம் கொளுத்தச் சொல்லிவிட்டு, உள்ளே கையை விட்டு எதையோ அழுத்தினாள். கார் இருமியது. மறுபடி அழுத்தினாள். தும்மியது. பின்னால் புகை வந்தது, கொஞ்சம் கோழி இறகும் வந்தது. மூன்றாவது தடவை அழுத்தினாள். கொட்டகைக் கூரை அதிர்ந்தது.

ஓடியது. சும்மா இல்லை, சீராக ஓடியது. பெண்கள் குலவை போட்டார்கள். பெரியவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பொலபொலவென்று கண்ணீர் விட்டார்.

யாரும் அவளைக் கவனிக்கவில்லை. அவள் மூக்குப் பக்கம் குனிந்து, பம்ப்புக்கு அடியில் உள்ளங்கையை ஏந்திக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். அந்த நேரத்தில் நான் வேண்டியது ஒன்றுதான். ஒரு சொட்டு விழக் கூடாது, தாயே. வேறு எந்த நினைப்பும் இல்லை. விழுந்தால் அவள் தாங்க மாட்டாள்.

கையை வெளியே எடுத்து எல்லோருக்கும் காட்டினாள்.

"பாருங்க மாமா. கை நனையல."

"கைதான் அன்னைக்கே நனைஞ்சிருச்சே தாயி!" என்று மதினி தாம்பாளத்தோடு முன்னால் வந்தார். கூட்டம் சிரித்தது. "கிழக்கே பாத்து நில்லு. பூ வச்சிருவோம்."

ராக்கு என்னைப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. சின்னதில் ஊசி போடக் கூட்டிப்போனபோதுகூட அந்தப் பார்வை இல்லை. அவள் அய்யா தொண்டையைக் கனைத்தார். கனைப்போடு நிறுத்திக்கொண்டார்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கம் இல்லை. படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"மதினி, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கிராதீக. இந்தக் கொட்டகைக்கு ஓடு மாத்துனீகளே, கொத்தனாருக்குச் சோறு போட்டீகளா, இல்லையா?"

"போடாம? மூணு வேளையும் போட்டோம்."

"அவரும் கையக் கழுவிட்டு எலையிலதான சாப்பிட்டாரு?"

"ஆமா, அதுக்கென்ன?"

"அவருக்கு எந்தப் பொண்ணக் குடுத்தீக?"

கார் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே ஒரு சிரிப்புக் கேட்டது. போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைத் தம்பி. அந்தப் பிள்ளையின் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. போனைக் கீழே போட்டுவிடுவார் போல, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"ஏலே, சிரிப்ப நிப்பாட்டு!" என்றார் மதினி. முகம் மிளகாய்ப் பழமாக இருந்தது. "மதினி, என்ன பேசுறீக? வேலைக்கு வந்தவுகளும் சம்பந்தம் பேசி வந்தவுகளும் ஒண்ணா?"

"எம்மக அன்னைக்கு வேலைக்குத்தான் மதினி வந்துச்சு. காக்கிச் சட்டையோட வந்து, வேலையப் பாத்துட்டு, வேலைக்காரவுக சாப்பிடுற மாதிரி சாப்பிட்டுச்சு. சம்பந்தம் பேச வந்தது நானு. நான் கை நனைக்கல."

பெரியவர் காரிலிருந்து மெதுவாக இறங்கினார். மனைவியின் கையிலிருந்து தாம்பாளத்தை வாங்கினார். ஊருக்குள் பெரிய மனுசர், என்ன சொல்லப்போகிறாரோ.

அவர் தாம்பாளத்திலிருந்து பூவை மட்டும் எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு தாம்பாளத்தை ராக்குவிடம் நீட்டினார்.

"வேல செஞ்ச கைக்கு வெத்தல பாக்கு வச்சுக் குடுக்கணும். அதுவும் வழக்கந்தான். வாங்கிக்க தாயி."

பூ இருந்தால் அது நிச்சயத் தட்டு. பூவை எடுத்துவிட்டால் அது கூலித் தட்டு. ராக்கு வாங்கவில்லை. மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

அந்தப் பட்டுச் சேலை அரக்கு நிறம். அவளுக்கு ரொம்ப எடுப்பாக இருந்திருக்கும். அந்த வீடும் நல்ல வீடு. அந்தப் பிள்ளையும் நல்ல பிள்ளை, இப்போது சிரிக்கத் தெரிந்த பிள்ளை என்பதும் தெரிந்துவிட்டது. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை.

"வாங்கிக்கத்தா" என்றேன்.

கையைக் காக்கித் துணியில் துடைத்துவிட்டு, ரெண்டு கையாலும் வாங்கினாள்.

யாருக்கும் அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. கார் மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் உள்ளே எட்டிப் பார்த்தார். இந்தப் பக்கம் ஒரு குமிழை இழுத்தார், அந்தப் பக்கம் ஒன்றைத் திருகினார். விளக்கு எரிந்தது. ஹாரன் அடித்தது.

"ஏத்தா," என்றார் கடைசியில், "இத நிப்பாட்டுறது எப்பிடி?"

ஓட வேண்டும் என்று இத்தனை பேர் வேண்டியிருந்தோம். நிறுத்துவதைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. சாவி என்றோ தொலைந்துபோனதால், ரெண்டு ஒயரை முறுக்கி வைத்துத்தான் அவள் கிளப்பியிருந்தாள். ராக்கு தாம்பாளத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, உள்ளே குனிந்து ஒயரைப் பிரித்தாள். கொட்டகை ஒரேயடியாக அமைதியாகிவிட்டது. கோழி ஒன்று பயந்து பயந்து வாசலுக்குத் திரும்பி வந்தது.

உள்ளே தண்ணீர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் பெரியவர் ரேடியேட்டர் மூடியில் கையை வைத்தார்.

"இப்பத் தொறக்காதீக மாமா!" என்று அவள் கத்தினாள். "உள்ள கொதிக்குது. இப்பத் தொறந்தா மூஞ்சியில அடிக்கும். ஆறட்டும், அப்பறம் தொறந்தா ஒண்ணும் செய்யாது."

அவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். மூடியைப் பார்த்தார். வீட்டு வாசலில் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு நின்ற மதினியைப் பார்த்தார்.

"சரித்தா," என்றார் குரலைத் தாழ்த்தி, "ஆறட்டும்."